முப்பத்தொன்று முதல் நாற்பது வரை

...இருபது நிமிடம் என்றார்கள், வெளியே உட்காருங்கள் என்றார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள், இனி அது அவர்கள் பாடு. மிர்த்தா சுரிதா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு பக்கத்தில் வைத்தாள், மறுபடியும் மடிக்கு எடுத்தாள். அறுபத்தாறு வயதில் பட்டத்துக்காக ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு... நன்றாகத்தானே பேசினோம், குரல் ஒரு தடவைதான் கம்மியது, அதுவும் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள், அந்த விர்ரெய்ரா, முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, அவள்தான் பேனாவை மூடிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "நாற்பது மரம்னு ஆரம்பிச்சிருக்கீங்க, முடிவுல முப்பதுதான் இருக்கு, மிச்சம் பத்து என்ன ஆச்சு?" என்று. மரத்துல கட்டின எண் தகடு தொலைஞ்சுபோச்சு, எது எந்த மரம்னு அடையாளம் தெரியலை... எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பொய் சொல்லும்போது முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள், தன் முகம் அப்போது எப்படி இருந்ததோ.

எதிர்ச் சுவரில் வேளாண் புலத்தின் பெருமைக்குரிய முன்னாள் மாணவர்கள் வரிசையாகச் சட்டத்துக்குள் இருக்கிறார்கள், உருளைக்கிழங்கு நோயைக் கட்டுப்படுத்தியவர், அமைச்சரானவர், வறண்ட மேட்டில் கீரை விளைவித்துப் பரிசு வாங்கியவர், அவர்களுக்கு நடுவில் ஃபாஸ்டோ தெர்செரோஸ், மெக்ஸிகோவில் முப்பது வருஷம் பேராசிரியர், மலைக்காட்டு ஆய்வில் கண்டம் முழுக்கப் பெயர் வாங்கியவர், இரண்டு வருஷம் முன்பு அங்கேயே இறந்தும் போனார். படத்தில் தாடி வெளுத்து, கண்ணாடி போட்டு, யாரோ ஒரு பெரிய மனிதர்... இந்த முகம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தவன் எண்ணெய்த் தலையும் பழுப்புப் போன்சோ போர்வையுமாக, உருளைக்கிழங்கு லாரியின் காலி மூட்டைகள் மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துனாரி மலைக்கு வந்தவன். கெவிஞா மரங்களை அளக்கப் போவார்கள், காகிதம் காகிதமாக உரியும் சிவப்புப் பட்டை, ஆள் உயரம்கூட வளராத கோணல் மரம், ஒரு வருஷத்தில் ஒரு நெல்மணி கனம் பருத்தால் அதிகம். மத்தி மீன் டப்பாவை வெட்டித் தகடாக்கி, ஆணியால் எண் குத்தி, நாற்பது மரத்தில் கட்டியிருந்தார்கள். ஆய்வேடு அவளுடையது, அளவுக் கருவி பிடிப்பது அவன், நோட்டில் எழுதுவது அவள். குளிரில் விரல் மரத்து எழுத்து கோணிக்கொண்டு போகும், அவன் சும்மா எண்ணைச் சொல்ல மாட்டான், வானொலியில் கால்பந்து வர்ணனை சொல்கிறவன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபத்திமூணு! இடது ஓரமா வர்றான், யாருமே எதிர்பார்க்கலை, ஏழு புள்ளி நாலு... கோல்!" என்று பள்ளத்தாக்கே அதிரக் கத்துவான், மேய்கிற லாமாக்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். "டேய், புள்ளி நாலா புள்ளி ஒண்ணா, சரியாச் சொல்லித் தொலை" என்பாள் இவள். "நடுவர் கேள்வி கேட்கக் கூடாது" என்பான் அவன்... எழுபத்தெட்டு ஜூலையில் ஒரு தடவை, எழுபத்தொன்பது ஜூலையில் ஒரு தடவை, எண்பது ஜூலையில் மூன்றாவதும் எடுத்துவிட்டால் பட்டம் கையில்.

எண்பது ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பல்கலைக்கழக வாசலில் பீரங்கி வண்டி, மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் சிப்பாய்கள், நேற்று வரை அவர்கள் சூப்புக்கு வரிசையில் நின்ற இடம். அப்பா அவளை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார், "மரம் எங்கேயும் ஓடிடாது, நீ செத்துட்டா யாருடி அளப்பா?" என்றார், பன்னிரண்டு நாள் அப்படியே. மாணவர் சங்கத்தில் இருந்த ஃபாஸ்டோவைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீடு. பதின்மூன்றாம் நாள் காலை அவன் தங்கை ரொட்டிப் பையில் அந்த நோட்டைச் சுற்றிக் கொண்டுவந்தாள், அவன் பெரு எல்லையைத் தாண்டிவிட்டானாம், "மேல போய் அளந்துட்டானாம் அக்கா, நாற்பதும் இருக்காம், எழுதிக் கொடுத்தா மட்டும் போதும்னு சொல்லச் சொன்னான்." மூன்றாம் வருஷ அளவு வரிசை முழுக்க அவன் கையெழுத்து. மெக்ஸிகோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது, முடித்துவிட்டாயா என்று ஒரே கேள்வி, முடிக்காததால் பதில் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள், உடன் படித்தவர்கள் திரும்பிப் போய் முடித்தார்கள், இவள் ஏன் போகவில்லை... கல்யாணம், நோயேலியா வயிற்றில், பள்ளிக்கூட வேலை, கேட்கிறவர்களுக்கு ஏற்றபடி ஒரு காரணம்.

ஆனால் கதையைச் சொன்னாள், ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வகுப்பிலும். அறிவியல் என்றால் என்ன என்று தொடங்கும் முதல் நாள், கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், ஊரடங்கில், உறைபனியில், பின்னால் சிப்பாய்கள் துரத்த ஒரு மாணவன் மலையேறிப் போய் நாற்பது மரத்தை அளந்துவிட்டு வந்த கதை, தன் பட்டத்துக்குக்கூட இல்லை, இன்னொருத்தியின் பட்டத்துக்கு. பின் பெஞ்சில் உட்கார்ந்து பல்லியை டப்பாவில் அடைத்து வைத்திருந்த ருடி கமாச்சோகூட அன்றைக்கு டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டான். அவனை இரண்டு தடவை தேர்வில் ஃபெயிலாக்கினாள், மூன்றாவது தடவை தொண்ணூற்றெட்டு வாங்கினான். இப்போது டாக்டர் ருடி கமாச்சோ, தாவரவியல் துறைத் தலைவர், உள்ளே இருக்கும் குழுவுக்கும் அவன்தான் தலைவன். பாடம் முடித்தும் ஆய்வேடு கொடுக்காமல் நின்றுபோன பழைய மாணவர்களுக்குப் பட்டம் தரும் திட்டம் வந்தபோது, வீடு தேடி வந்து விண்ணப்பத்தை மேசையில் வைத்தவனும் அவன்தான். "நாற்பத்திமூணு வருஷ வளர்ச்சிக் கணக்கு டீச்சர், இந்தக் கண்டத்துலயே யார்கிட்டயும் கிடையாது, பூட்டிவெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? என்னைத் தாவரவியலுக்கு இழுத்து விட்டதே அந்தக் கதைதான்." வெட்கத்தில் காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தான், ஐம்பதை நெருங்கும் மனிதன்...

போன ஆகஸ்டில் நோயேலியாவோடு மேலே போனாள். முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று. தகடுகள் இருந்தன, பெரும்பாலும் பட்டைக்குள் புதைந்து துருவேறி, விரலால் தடவினால் ஆணிக்குழிகள் தட்டுப்பட்டன, ஒன்று, இரண்டு, பதினேழு, இருபத்திமூன்று. அந்த இருபத்திமூன்றின் முன் நின்று அழுதாள், மகள் பார்க்காதவள் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. மேல் சரிவில், பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தவைதான் முப்பத்தொன்று முதல் நாற்பது வரை. அதில் பாறை நிழலில் வளர்ச்சி நின்றுபோன நாலு மரம் எண்பதில் அவன் எழுதிய அளவைவிட இப்போது மயிரிழை ஒல்லி. மறுபடி அளந்தாள், மகளை அளக்கச் சொன்னாள். உயிரோடு தளிர்விட்டு நிற்கிற மரம் நாற்பத்திமூன்று வருஷத்தில் எப்படி இளைக்கும்? "தப்பா எழுதியிருப்பாரும்மா" என்றாள் நோயேலியா. தப்பாக எழுதவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் அவன் போகவே இல்லை. முப்பதோடு திரும்பிவிட்டான், குளிரோ, இருட்டோ, கீழே ஏதாவது ஜீப் வெளிச்சமோ, திரும்பிவிட்டு மிச்சம் பத்தையும் மனசிலிருந்து எழுதியிருக்கிறான். சிரிப்புக்கூட வந்தது, கோல் கோல் என்று கத்தியவன்... அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தையும் நீக்கினாள், தகடு தொலைந்தது என்று ஒரு வரி. யாருக்கு என்ன நஷ்டம், முப்பது மரமே போதும், செத்துப்போனவன் சுவரில் நிம்மதியாக இருக்கட்டும், ருடியின் கதை ருடிக்கு இருக்கட்டும்.

கையில் புத்தகப் பையோடு ஒரு பெண் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள், பத்தொன்பது இருபது வயது, மூடிய கதவையும் இவளையும் பார்த்து, "உங்க பொண்ணுக்கா இன்னைக்கு? பயப்படாதீங்க ஆன்ட்டி, பாஸ் பண்ணிடுவாங்க" என்றாள். "எனக்குத்தாம்மா" என்றாள் மிர்த்தா. அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது, பிறகு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், "நிஜமாவா? என்ன ஆராய்ச்சி?" சொன்னாள், மரம், அளவு, நாற்பத்திமூன்று வருஷம், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஃபாஸ்டோ மலையேறிய இடத்துக்கும் வந்துவிட்டது பேச்சு, நாக்குப் பழக்கம், முப்பத்துநாலு வருஷப் பழக்கம், "நாற்பது மரத்தையும்..." என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் விரிவதைப் பார்த்தாள், அதே விரிவு, ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் பார்த்த அதே விரிவு, அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள். தெரியாமல் சொன்னதெல்லாம் கதை, இது கதை இல்லை, தெரிந்தே சொல்கிறோம், இந்தக் குழந்தைக்கு... படிக்கட்டுப் பக்கமிருந்து நோயேலியா எட்டிப் பார்த்தாள், ஒரு கையில் வண்ணக் காகிதத் துணுக்குப் பொட்டலம், தேறியவர் தலையில் கொட்டுவதற்கு, மறு கையில் இறைச்சி அடைத்த சல்தேஞா டப்பா, "அம்மா, இன்னும் எவ்வளவு நேரம், ஆறினா உள்ளே சாறெல்லாம் உறைஞ்சிடும்." கதவு திறந்தது.

உள்ளே மூவரும் எழுந்து நின்றார்கள், அவளும் நின்றாள். ருடி தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினான், குரலில் அடக்கமாட்டாத சந்தோஷம், "...ஒருமனதாக, மிகச் சிறப்பு என்ற தகுதியுடன்..." விர்ரெய்ரா கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்கள். பேனா கையில் இருக்கிறது, இதைப் போட்டுவிட்டால் முடிந்தது, வெளியே காகிதத் துணுக்கும் சல்தேஞாவும் மகளும்... "தகடு தொலையலை" என்றாள். யாருக்கும் புரியவில்லை. "பத்து மரமும் அங்கேதான் இருக்கு. தகடும் இருக்கு. எண்பதுல அளந்தவன் அதுங்ககிட்ட போகலை, சும்மா எழுதியிருக்கான். நாலு மரம் அவன் எழுதினதைவிட இன்னைக்கு ஒல்லி. நான் மறைச்சேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ருடியைப் பார்க்க முடியவில்லை. பின் பெஞ்சுப் பையன், பல்லி டப்பாவை மூடிவைத்தவன், அவனிடம் இப்போது...

 விர்ரெய்ராதான் முதலில், "அப்படின்னா அந்த வரியை மாத்தி எழுதணும், அந்தப் பத்தையும் உள்ளதை உள்ளபடி ஒரு பட்டியலாச் சேர்க்கணும், ரெண்டு வாரத்துல கொடுங்க, அதுவரைக்கும் இந்தத் தாளு நிக்கட்டும்" என்றாள், கடுமையாக இல்லை, நோயாளியிடம் மருந்துச் சீட்டை நீட்டுகிற மாதிரி. அவ்வளவுதானா... ருடி பின்னிணைப்பைத் திறந்து நோட்டின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தான், மூன்று வரிசை, இரண்டு கையெழுத்து. விரலை முப்பத்தொன்றில் வைத்தான், மெதுவாகக் கீழே இறக்கினான், நாற்பதில் நின்றது, மறுபடி மேலே போனது. முகத்தில் கோபமில்லை, அவள் பயந்த எதுவும் இல்லை, வகுப்பில் கணக்குப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வானே, அந்த முகம்.

"டீச்சர்" என்றான். "இதுல பாருங்க. பத்துக்கும் முந்தின வருஷ அளவோட சரியா ரெண்டு மில்லிமீட்டர் கூட்டியிருக்கார். ஒண்ணு பிசகலை. பத்து மரம் ஒரே மாதிரி வளருமா? மலைக்குப் போய்ப் பார்க்கணும்னே இல்லை, நோட்டைப் பார்த்தாலே தெரியுதே."

அவள் பார்த்தாள். ஆமாம், கண்ணில் குத்துகிறது, கூட்டல் தெரிந்த குழந்தை கண்டுபிடிக்கும்.

"எப்போலேர்ந்து டீச்சர் உங்களுக்குத் தெரியும்?" குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

போன ஆகஸ்டில், என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதுதானே பதில், மலையில் மகளோடு நின்ற அன்றைக்கு...  அதற்குள் எண்பதின் அந்தக் காலை, அப்பாவின் வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது, மேசைமேல் ரொட்டிப் பை, அவன் தங்கை போன கையோடு, அன்றைக்கே, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எந்தக் கணக்கையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விடுகிறவளா அவள், பென்சில் முனை ஒவ்வொரு எண்ணாக இறங்குகிறது, பத்து, இருபது, முப்பது, பாறைக்கு அந்தப் பக்கம்... அங்கே நிற்கிறது. யாராவது கூப்பிட்டார்களா, அடுப்பில் பால் பொங்கியதா, ஒன்றும் நினைவில்லை. நோட்டை மூடியது மட்டும் நினைவிருக்கிறது, மெதுவாக, சத்தம் வராமல், வீட்டில் யாருமே இல்லாதபோது.