மாட்டிடம் சொன்ன சேதி

விடிவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். தூங்கியிருந்தால்தானே எழுவதற்கு! இரவெல்லாம் புரண்டு படுத்ததுதான் மிச்சம். பக்கத்தில் குறட்டை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் பேச்சு நின்று மூன்று நாள் ஆகிறது. எல்லாம் கன்றுக்குட்டியால் வந்த வினை. பால்குடி மறந்ததும் அதைத் தன் அக்காவுக்குக் கொடுப்பதாகக் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பசுவுக்குப் பிரசவம் பார்த்தவள் இவள், தூக்கிக் கொடுக்கிற கை மட்டும் அவருடையதா?

"இனி உங்களோட பேசினா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

"நிம்மதியாப் போச்சு" என்று அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆனால் மாடு இருக்கிற வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? எல்லோரையும் முறைத்துப் பார்ப்பதால் அவர்கள் பசுவுக்கு 'டீச்சர்' என்று பெயர். இருவரும் அதனிடம் பேசினார்கள்.

"டீச்சர், தவிடு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள் அவள்.

"டீச்சர், சாயங்காலம் வாங்கிட்டு வரேன்னு சொல்லு" என்பார் அவர்.

சமையலறை ஜன்னல் தொழுவத்தைப் பார்த்து இருந்தது. அதனால் சேதி தவறாமல் போய்ச் சேர்ந்தது.

இன்று அவர் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தார். அவள் சாணம் அள்ளித் தரையைக் கழுவினாள். நேற்றுவரை பின்னங்காலைத் தாங்கி நின்ற டீச்சர், இப்போது ஊன்றி நின்றது. குளம்புக்கு மேலே புதுக்கட்டு. கழுத்தைத் தடவினாள். சின்ன வீக்கம். தொட்டதும் டீச்சர் தலையை உதறியது.

'டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கார். சொன்னா முத்து உதிர்ந்துடுமா?'

வரப்புவரை ஓடிப்போய்க் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. வாசல்வரை போனாள். திரும்பினாள். மறுபடியும் போனாள். 'நானா இறங்கிப் போறதா?' என்று ரோஷம் முந்தானையைப் பிடித்து இழுத்தது. சத்து ஊசியாகத்தான் இருக்கும். பாலுக்கு ஆகாத மருந்தென்றால் சொல்லாமல் விடுவாரா? பிடிவாதக்காரர்தான், பொல்லாதவர் இல்லை.

கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினாள். மடியைக் கழுவிக் கறந்தாள். மனம் ஒரு நிலையில் இல்லை. இரண்டு முறை கை தவறிப் பால் தரையில் தெறித்தது.

பின்சந்துத் தையல்காரி சொம்போடு வந்து நின்றாள். "சீக்கிரம் ஊத்துங்கக்கா. எங்க வீட்டுச் சின்ன மகாராணிக்கு இந்தப் பால்தான் வேணும். வேற பாலைக் கொடுத்தா என் மூஞ்சியிலயே துப்புறா."

சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றினாள். மீதி, கேனோடு பால் வண்டியில் ஏறியது.

கணவர் வந்தார். கால் கழுவினார். தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"டீச்சர், கறந்த பாலை எங்க கொட்டினா உங்க அம்மா? கன்னு வாய் வைக்காத இடம்தானே?"

சமையலறையில் அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே. மூணு நாள் பாலை யாரும் குடிக்கக்கூடாதுன்னு. நேத்தே உன்கிட்ட சத்தமாச் சொன்னேனே டீச்சர்?"

நேற்று மாலைக் கறவை முடிந்து டாக்டர் வந்துபோன நேரத்தில் தூறல் விழுந்தது. அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது காலி ஜன்னலுக்கு!

"ஐயோ!" வெளியே பாய்ந்தாள். "பாலைக் கொடுத்துட்டேங்க! பாப்பாவுக்கு!"

அவர் முகம் வெளுத்தது. "ஏய், பின்பக்கமாப் போடீ, சந்து வழியா! வண்டியை நான் பிடிக்கிறேன்!"

செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சந்தில் துணி காயப்போட்டிருந்த கயிறு கழுத்தில் மாட்டியது. இழுத்து எறிந்துவிட்டு ஓடினாள்.

தையல் மெஷினுக்குக் கீழே குழந்தை உட்கார்ந்திருந்தது. கையில் டம்ளர். உதட்டுக்கு மேலே வெள்ளை மீசை. பாய்ந்து பிடுங்கினாள். பாதி காலி. குழந்தை வீல் என்று அலறியது.

"என்னக்கா, பைத்தியமா உங்களுக்கு?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். தையல்காரி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள். குழந்தையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையால் அதன் உதட்டைத் துடைத்துத் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்கள்.

"பயப்படாதீங்க. கொஞ்சம் குடிச்சதுக்கு அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா உடம்புல தடிப்பு வருதா, மூச்சு இரைக்குதான்னு பார்த்துக்கிட்டே இருங்க. குழந்தை டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க" என்றார் அவர். பிறகு குரல் உயர்ந்தது. "ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்த மனுஷன் சொல்லவே இல்லியா?"

வாசலில் நிழல் விழுந்தது. கணவர், வண்டியிலிருந்து இறக்கிய கேனோடு, வியர்த்து வழிந்து நின்றார். தையல்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழி முழுதும் அவர் தலையில் இறங்கிவிடும்.

"அவர் சொன்னார், டாக்டர். ஊசி போட்டது தெரிஞ்சும் நான்தான் கேட்காம கறந்துட்டேன்."

அவர் கேனைக் கீழே வைத்தார். "சொன்ன லட்சணம் எனக்குத்தான் தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு, "கிளம்பும்மா, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துட்டு வரேன்" என்றார் தையல்காரியிடம். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயும் வா."

"வராம?" என்றாள் அவள். கண் குழந்தையின் கழுத்தை விட்டு நகரவில்லை. சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தது.