திமிங்கில மண்வெட்டி

குடியேறிய குளிர்நாட்டில், அஜின்கோர்ட் பகுதியில் கூட்டாக நடத்திய மீன்கடையைப் பிரிப்பதென்று முடிவான பிறகு மச்சான்மார் இருவரும் வக்கீலிடம் போகவில்லை. போனால் பாதிக் கடையை அவன் தின்றுவிடுவான் என்பதில் மட்டும் அவர்களுக்குள் பேதமில்லை. பேச்சு இவ்வளவுதான்: பனி மூடிய பின்வாசலில் இரண்டு பெரிய சுறா, எவன் முதலில் தலையைத் துண்டாக்குகிறானோ அவனுக்கே கடை.

கிளிபோட் தன் கோடாலியைத் தீட்டி வைத்திருந்தான். அவன் மனைவியின் தமையன் பேனாட் கொண்டுவந்தது ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு. ஆளுயரப் பிடி, மண்வெட்டி அகலத்தில் அலகு. அந்தக் காலத்தில் கப்பலோடு கட்டிய திமிங்கிலத்தின் மேல் நின்று கொழுப்பை உரித்தவர்களின் ஆயுதம். திமிங்கிலத்தைப் பிய்க்க வந்த சுறாக்களின் மண்டையைப் பிளந்ததும் அதுதான். வழுக்காமலிருக்க அவர்கள் சப்பாத்தில் ஆணி அடித்துக்கொண்டார்கள், அடிக்காதவர்கள் காலை இழந்தார்கள் என்று ஏலக்காரர் சொன்னபோது கிளிபோட்டும் பக்கத்தில்தான் நின்றான். பேனாட்டின் காதில் விலை மட்டும் விழுந்தது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்தார்கள். பேனாட் சப்பாத்தைக் கழற்றினான். மன்னாரில் செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறாத குடும்பம். பெரிய மீனுக்கும் அதே மரியாதை. வெறுங்காலோடு சுறாவின் முதுகில் ஏறி நின்றான்.

கிளிபோட் வாயைத் திறந்தான். கடையை நினைத்து மூடிக்கொண்டான்.

"என்ன மச்சான், வெட்டட்டோ எண்டு சுறாவிட்டக் கேக்கிறியோ?" என்றான் பேனாட்.

இரண்டு இரும்பும் இறங்கின. சதை தெறித்தது, பனி சிவந்தது. கிளிபோட் பாதிக் கழுத்தைத் தாண்டியிருந்தான். அப்போது பேனாட்டின் கால் வழுக்கியது. அலகு சுறாவை விட்டுவிட்டு அவன் பாதத்தில் இறங்கியது. இரண்டு விரல் பனியில் கிடந்தன.

கிளிபோட்டின் கை நின்றுபோனது. பேனாட் குனிந்து பார்த்தான், துப்பினான், மற்றக் காலை ஊன்றி ஓங்கினான். சுறாவின் தலை உருண்டது.

கிளிபோட் விரல்களைப் பொறுக்கி ஐஸ் பையில் போட்டான். கார் கதவைத் திறந்துவைத்து, உள்ளே விடாமல் குறுக்கே நின்றான்.

"பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திறன். கடை பாதி பாதி. விரல் கனநேரம் தாங்காது, பேனாட்."

"விரலை நீயே வைச்சிரு. கடைத் திறப்பைத் தா."

ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பேனாட்டின் உதடு வெளுத்தது. நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை. கிளிபோட் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தான். பேனாட் நொண்டிப்போய் அதைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினான்.