ஜன்னலோரம் உட்கார்ந்தவள்

மடக்கு நாற்காலியை விரிக்கப் போய் அவள் விரலை நசுக்கிக்கொண்டாள். வாடகைக்கு வந்த இரும்பு நாற்காலி. விரியும்போது சாதுவாகத்தான் விரிந்தது. பலகையை அழுத்தியதும் கீல் வெடுக்கென்று வாயை மூடிக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரல். “ஸ்ஸ்” என்று உதறிவிட்டு அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

“உன்னை யாரும்மா நாற்காலி விரிக்கச் சொன்னது?” மகள் ஓடி வந்து பிடுங்கினாள். “இன்னிக்கு நீ உக்கார வேண்டியவ.”

“உக்காந்தா வர்றவங்கல்லாம் என் மூஞ்சியப் பாக்கறாங்க. நாற்காலி போட்டா நாற்காலியப் பாப்பாங்க.”

“அழுதுடேன்மா.”

“அதுக்கு நேரம் வரட்டும்.”

கூடத்தின் நடுவில், குளிர்பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. தெருவில் அவருக்குப் பெயர் சுண்ணாம்பு. மியூசியத்துக்கு உருவங்கள் செய்கிற வேலை என்பதால் கையும் காலரும் எப்போதும் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒரு நாள் போய்த் தன் பொம்மைகளைத் துடைத்துவிட்டு வருவார். காலையில் அவர் கைகளைக் கழுவிவிடும்போது அவள் பார்த்தாள். நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. வெள்ளை இல்லை, தோல் நிறம். ஊசி முனையால் நோண்டியும் வரவில்லை.

கடைசி நாளும் அவளிடம்தான் போயிருக்கிறார் என்று நினைத்தாள். வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிச்சல், இத்தனை சாவுக்களைக்கு நடுவிலும், வெட்கமில்லாமல் எழுந்து உட்கார்ந்தது.

அவள் என்பது ஒரு பொம்மை. மியூசியத்தின் வண்டிக்கூடத்தில் நீராவி எஞ்சினுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நடுவில் ஒரு பழைய டிராம் நின்றது. அதன் ஜன்னலோரத்தில் ஒரு பெண்ணை அவர் செய்து உட்காரவைத்தார். மகள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. முகத்துக்கு அச்சு எடுக்க ஆள் வேண்டியிருந்தது. வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணைப் பிடித்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகம் பூராவும் மாவைப் பூசி எடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “கொஞ்சம்கூட அசையலடி. தங்கமான பொண்ணு” என்றார். அந்தத் தங்கம் இவள் தொண்டையில் முள்ளாக நின்றுபோயிற்று.

திறப்பு விழாவுக்கு அழைத்துப் போனார். டிராமைச் சுற்றிக் கயிறு. யாரும் ஏற முடியாது. கீழே நின்று அண்ணாந்தால் ஜன்னலுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. டிக்கெட்காரியின் முகம்தான், ஆனால் டிக்கெட்காரியைவிட அழகு. எங்கோ போய் இறங்கப்போகிற சந்தோஷம் அந்த உதட்டில் இருந்தது. “உயிரோட உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கே!” என்று பக்கத்தில் நின்ற எல்லோரும் சொன்னார்கள். அவர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தலை வலிக்குது. போலாம்” என்றாள் இவள்.

அதோடு சரி. மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளை அங்கே கூட்டிப்போவதாகச் சொன்ன அன்றைக்கு, நல்லா இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அவர் சிரிப்பார். சிரித்துவிட்டால் இவளுக்குக் கோபப்படுவதற்கு இடம் இருக்காது.

மியூசியத்தின் பெரிய அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். வைத்துவிட்டு, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நேத்துகூட வந்திருந்தார்மா. கூடத்தைக் காலி பண்றோம்னு சொல்லியிருந்தேன். கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேன்னு வந்தார்.”

“காலி பண்ணிட்டு?”

“இடிச்சுட்டு மூணு மாடி கட்டறோம். மாடல் பண்ணி வெச்சிருக்காங்க, பிரமாதமா இருக்கு. எஞ்சினை நடுவுல தொங்க விடப்போறாங்க. டிராம் மேல் மாடிக்குப் போகுது, வர்றவங்க ஏறி உக்காரலாம். கண்ணுல ஒரு கண்ணாடி மாட்டிவிட்டா தெருவே ஓடும்.”

“ஜன்னலோரம் ஒருத்தி உக்காந்திருப்பாளே. அவ?”

“இனிமே பொம்மை கிடையாதும்மா. திரைதான் எல்லாம். மத்ததெல்லாம் குப்பைக்குப் போகுது. அது ஒண்ணை மட்டும் இன்னிக்கு உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லியிருந்தார். முந்தாநாள் சாப்பிடும்போது, “வீட்டுக்கு ஒருத்தங்க வருவாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே” என்றார். யாரு என்று கேட்டதற்கு, வரும்போது பாரேன் என்று மோரை ஊற்றிக்கொண்டார். டிக்கெட்காரியைத்தான் சொல்கிறார் என்று இவள் நினைத்தாள். நேற்று அவர் கிளம்பும்போது, “போயிட்டு வரேன்” என்றதற்குப் பதில் சொல்லவில்லை.

அதிகாரி போனதும், ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு பருத்த பெண்மணி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. முகத்தில் வியர்வை வழிந்தது.

“அக்கா, என்னைத் தெரியலையா? வாசல்ல டிக்கெட் குடுப்பேனே.”

இவள் உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக வயிறெரிந்தது இந்த ஆளைப் பார்த்தா? அந்த உதடு எங்கே, அந்தக் கன்னம் எங்கே? பொறாமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் திண்டாடிப்போனாள்.

“சாப்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

“டீ குடிச்சேன். அக்கா, கேக்கக் கூடாத நேரத்துல கேக்கறேன். அந்தப் பொம்மை இங்கதானே வருது? அதை எனக்குக் குடுத்துடுங்களேன்.”

“உனக்கு எதுக்கு?”

“அந்த வயசுல எனக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பேத்திகிட்ட, நானும் ஒரு காலத்துல பாக்கறாப்பல இருந்தேன்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறா.”

“தாராளமா எடுத்துட்டுப் போ. என் வீட்டுல அது எதுக்கு? ஒரு பெரிய தலைவலி விட்டுது எனக்கு.”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள், குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு ஆளை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவன் பெட்டியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“அம்மா... இங்க ஏற்கெனவே ஒருத்தர்...”

“அவர் கிளம்பிடுவார். நீ வாசல்ல இறக்கு.”

இவளுடைய தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. “அத்தான் போற அன்னிக்கே இன்னொருத்தி வந்து இறங்கறாளேக்கா!”

“வாய மூடு.”

இறக்கும்போது நிலைப்படியில் இடித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்தது. நீளக்கை உடுப்புக்குள்ளிருந்து வலது கை வெளியே நீண்டது. உட்கார்ந்த மடியின்மேல் கிடக்கிற கை. எதையும் பிடிக்காமல், வேலை முடித்து ஓய்ந்தாற்போல. இவள் எரிச்சலோடு பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியது. எலும்பு ஒழுங்காகக் கூடவில்லை. அது இவளுடைய சுண்டுவிரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொசுக்கென்று ஞாபகத்துக்கு வந்தது. சமையலறைப் பேசினில் எதையோ களி மாதிரிக் கிண்டி எடுத்து வந்து, “ரெண்டு கையையும் விடு. புதுப் பொடி, எப்படி இறுகுதுன்னு பாக்கணும்” என்றார். ஜில்லென்று கூசிற்று. கையை ஆட்டக் கூடாது என்று அதட்டினார். நடுவில், “மூக்கு அரிக்குதுங்க” என்றாள். அவர் சொறிந்துவிட்டார். “இன்னும் மேல. இன்னும் இடது பக்கம்.” வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொறிந்துவிட்டார். பேசினைக் கெடுத்ததற்கு மட்டும் சாயங்காலம் வரை சண்டை போட்டாள், மற்றதை மறந்துபோனாள்.

பிளாஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் கிழித்தாள். அது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கை இல்லை. புறங்கையில் நரம்பு புடைத்து, தோல் தளர்ந்து சுருங்கியிருந்தது. பூச்சின்மேல் பூச்சாக, வருஷத்தின்மேல் வருஷமாக ஏற்றிய சுருக்கம். பழுப்புப் புள்ளிகள் கட்டைவிரலுக்குக் கீழே சரியாக விழுந்திருந்தன. மணிக்கட்டில், போன மாதம் குக்கர் ஆவி அடித்த தழும்பு. அந்த இடத்தில் பெயிண்ட் இன்னும் வாசம் வீசியது.

“என் மூக்கப் பாருங்கக்கா” என்றாள் டிக்கெட்காரி. அவள் அதற்குள் தலைப்பக்கத்தைப் பிரித்துவிட்டிருந்தாள். அதே இளமுகம், அதே உதடு. மூக்கின் நுனியில் மட்டும் பெயிண்ட் உரிந்து வெள்ளை தெரிந்தது. “எத்தனை வருஷமா சொல்றேன்! ‘பாத்துக்கலாம், பாத்துக்கலாம்’பார். மூஞ்சிக்கு ஒரு ஈரத்துணி, அவ்வளவுதான். அப்புறம் டிராமுக்குள்ள ஏறி எதிர் சீட்டுல உக்காந்து, கையை எடுத்து வெச்சுக்குவார். நான் வாசல்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பேன்.”

இவள் நிமிரவில்லை.

“அப்பவே கேட்டேன், என் கையையும் எடுத்துக்கோங்களேன், என் கை நல்லா இருக்கும்னு. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ‘வேண்டாம்மா, கை இருக்கு’ன்னுட்டார்.” அவள் குரலில் முப்பது வருஷத்துக் காரம் ஆறாமல் இருந்தது. “யாரோட கையோன்னு இருந்தேன். உங்க சுண்டுவிரலப் பாத்து இப்பதானே தெரியுது.”

“கீழ நின்னா கை தெரியாது இல்ல?”

“எப்படித் தெரியும்? மடியில இல்ல இருக்கு. ஜனங்க பூரா பாத்தது என் மூஞ்சியத்தான்.”

ஊர் பார்க்க அவள் முகம். யாரும் பார்க்காத இடத்தில் தன் கை. இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, பெட்டியை உலுக்கி அவரை எழுப்பிச் சண்டை பிடிக்க வேண்டுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“ஆட்டோ கூப்பிடட்டாக்கா? எடுத்துட்டுப் போயிடறேன்.”

“இல்ல.”

“என்னக்கா?”

“குடுக்க முடியாது.”

“இப்பதானே தாராளமான்னீங்க?”

“இப்பதான் முடியாதுன்னும் சொல்றேன்.”

டிக்கெட்காரி பொம்மையின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். “கை தனியாக் கழலும்க்கா. திருகுதான். அவர் கழட்டி மாட்டறதப் பாத்திருக்கேன். உங்க கையை நீங்க எடுத்துக்கோங்க. மிச்சத்தை நான் எடுத்துக்கறேன். நியாயம்தானே?”

நியாயம்தான். இவள் அந்தக் கையைப் பிடித்தாள். திருகிக் கழற்ற வேண்டுமானால் கைகுலுக்குகிற மாதிரித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தன் கையையே பிடிப்பது எப்படியோ இருந்தது. அவர் பிடிக்கும்போது இப்படித்தான் இருந்திருக்கும் போல. அரைச் சுற்று திருகினாள். நிறுத்தினாள். திருப்பி இறுக்கினாள்.

“முடியாது.”

“ஏன்க்கா?”

“ஏன்னா முடியாது. இங்க வரணும்னு அவர் சொன்னது. முழுசா வந்திருக்கு, முழுசா இருக்கட்டும்.” இவள் நிமிர்ந்தாள். முடியாது என்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று இந்த நாளில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டிக்கெட்காரியின் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்ததும் அந்தச் சுகம் பாதியாயிற்று. “உன் பேத்தியக் கூட்டிட்டு வா. தெருவுலயிருந்து பாக்கற மாதிரி வெக்கறேன்.”

“தெருவுலயிருந்தா?”

“டிக்கெட் வேண்டாம்.”

டிக்கெட்காரி மூக்கை உறிஞ்சினாள். சிரித்ததைப் போலத்தான் இருந்தது.

மத்தியானம் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்ததும் இவள் அழுதாள். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். கடைசியாக அவர் கையை எடுத்து, நகக்கண்ணில் இருந்த அந்தப் பெயிண்டைக் கட்டைவிரலால் தடவினாள். யாரோ “போதும்மா” என்று தோளைப் பிடித்தார்கள். சுரண்டவில்லை, விட்டுவிட்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாற்காலிகள் போயிருந்தன. கூடத்தின் நடுவில் பெட்டி இருந்த இடம் பளிச்சென்று காலியாகக் கிடந்தது.

“அதைத் தூக்கிட்டு வாங்க” என்றாள்.

மகளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அவருடைய பிரம்பு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதில் உட்காரவைத்தார்கள். மகள் முகத்தைக் கூடத்தின் பக்கம் திருப்பினாள்.

“அப்படி இல்ல. தெருப் பக்கம் திருப்பு.”

“நமக்கு முதுகுதானேம்மா தெரியும்?”

“மூஞ்சி நமக்கு வேண்டாம்.”

“வேற எதுக்கும்மா இத இங்க வெக்கற?”

“போய் டீ போடு.”

தெருவில் போன யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்து நடையைத் தாமதித்தார். தங்கை சமையலறைக்குள் போய், “அக்காவுக்குக் கொஞ்சம் கலங்கிடுச்சு, விடு” என்று மகளிடம் குசுகுசுத்தது கேட்டது.

இவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னல் விளிம்புக்குக் கீழே, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி உட்கார்ந்தாள். முந்தானையை எச்சில் தொட்டு, வழியில் படிந்திருந்த தூசியை விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு தன் வலது கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வளைந்த சுண்டுவிரல் சரியாக இருந்தது. நரம்பு, புள்ளி, தழும்பு எல்லாம் சரியாகவே இருந்தன. காலையில் நாற்காலி கடித்த ஆள்காட்டி விரல் நகத்தோடு கருத்து வீங்கியிருந்தது.

அந்தக் கையில் அது இல்லை.