கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோள்கள்

கோளரங்கத்தில் அவரை எல்லோரும் அம்பு அண்ணன் என்பார்கள். அரங்கம் இருண்டதும், கைவிளக்கால் கூரையில் ஒரு பச்சை அம்பைப் பாய்ச்சிக் கோள்களைக் காட்டுவது அவர் வேலை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மைக்கில் விளக்கம் சொல்வது, அவர் தங்கச்சி என்று கூப்பிடும் அவளுடைய வேலை.

இரண்டு வருடமாக அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பழைய எந்திரம் வருடம் முழுக்க ஒரே வானத்தைக் காட்டியதால் சமாளித்தார். முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டால் போதும், எந்தக் கோள் எங்கே என்பது அந்தக் கைக்கு மனப்பாடம்.

"இருட்டுல வேலை செய்யறவனுக்குக் கண்ணு எதுக்கு தங்கச்சி?" என்று சிரிப்பார்.

ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அதற்குள் விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும்.

அன்றுதான் புது எந்திரத்தில் முதல் காட்சி. மேலாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் அறுபது பள்ளிப் பிள்ளைகள். விளக்கணைந்து நட்சத்திரங்கள் தோன்றியதும் அவள் கூரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். புது எந்திரம் காட்டியது அன்றைய நிஜ வானம். கோள்கள் இடம் மாறியிருந்தன. மைக் போட்டபடி இருந்தது, நடுவில் அணைத்தால் மேலாளர் கவனிப்பார். அவர் காதில் கிசுகிசுக்கக்கூட வழியில்லை.

வெள்ளி மட்டும் நல்லவேளையாகப் பழைய இடத்தருகே, மேற்கில் தாழ்வாக இருந்தது. அம்பு அதை ஒட்டி நின்றது.

"இதுதான் வெள்ளி. சூரியனுக்குப் பக்கத்துல இருக்கறது புதன்தான், ஆனா சூடு அதிகம் இதுல. மேகம் போர்வை மாதிரி மூடிக்கிட்டிருக்கு. அங்க ராத்திரியிலயும் சூடு குறையாது."

அடுத்து வியாழன். அவள் வாய் திறக்குமுன் அவர் கை பழக்கப்படி மேலே போனது. அம்பு வெற்று இருட்டில் நின்றது.

"அங்க ஒண்ணுமே இல்லையே," என்றது ஒரு குழந்தை.

"இருக்கு," என்றாள் அவள். "அது நெப்டியூன். ரொம்ப தூரம், வெறும் கண்ணுக்குத் தெரியாது."

வியாழன் அங்கே இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கை நகர்ந்தது, செவ்வாய் இருந்த பழைய இடத்துக்கு. அங்கேயும் இருட்டு.

"இது யுரேனஸ். மத்ததெல்லாம் பம்பரம் மாதிரி நின்னு சுத்தும், இது மட்டும் படுத்துக்கிட்டே உருளும். இதையும் வெறும் கண்ணால பார்க்கறது கஷ்டம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கோள்கள் அவ்வளவுதான். தீர்ந்துவிட்டன.

"தெரியற மாதிரி ஒண்ணு காட்டலாமே," என்றது பின்னாலிருந்து மேலாளரின் குரல். "சனியைக் காட்டுங்க அண்ணே. பிள்ளைங்களுக்கு வளையம்னா பிடிக்கும்."

சனி கிழக்கே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அம்பு பழைய இடத்துக்கே போய், நேர் உச்சியில் நின்றது. வெற்றிடம்.

புதன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். புதன் சூரியனைவிட்டு அதிகம் விலகாது, உச்சி வானத்துக்கு ஏறவே ஏறாது. மேலாளரும் அவளைப் போல அறிவியல் படித்தவர்தான். அந்தப் பொய் அவரிடம் எடுபடாது.

மேலாளர் எழுந்துபோய் விளக்குகளைப் போட்டார். பிள்ளைகள் கண்களைக் கசக்கினார்கள். அவளுக்கும் கூசியது. அம்பு அண்ணனுக்கு மட்டும் இமைகூட அசையவில்லை. வெள்ளைக் கூரையை நோக்கிக் கையை நீட்டியபடியே இருந்தார்.

மங்கல் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். முழுக்கப் போய்விட்டது என்று சொல்லவில்லை.

மேலாளர் இறங்கி வந்து அம்பு அண்ணன் எதிரில் நின்றார். ஆள் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

அம்பு அண்ணன் அவள் பக்கம் சாய்ந்தார்.

"இருட்டுல யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கல்ல தங்கச்சி?"

மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. அவள் கை நீட்டி அதை அணைத்தாள்.