ஒன்பதாவது கேள்வி

நான் ஒரே தலையணைக்கு நாற்பத்தாறு ஊசி போட்டவள். ஆனால் என் லாக் புக்கைத் திறந்து பார்த்தால் அதில் தலையணை என்ற சொல்லே இருக்காது. ஆண், ஐம்பத்திரண்டு வயது, காய்ச்சல். பெண், முப்பத்துநான்கு, வாந்தி என்று வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். பஞ்சுக்கு வயதும் வியாதியும் கொடுத்தது நான். கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டது எங்கள் மேடம். இப்போது அந்தப் புத்தகத்தைத் தொட்டாலே கை கழுவ வேண்டும்போல இருக்கிறது.

நர்சிங் படிக்கிறவர்களுக்கு லாக் புக்தான் எல்லாம். ஒவ்வொரு வேலைக்கும் அதில் மூன்று கட்டம்: பார்த்தது, கூட நின்று உதவியது, தானே செய்தது. மூன்றாவது கட்டம் நிரம்பாமல் பரீட்சை எழுத முடியாது. நாங்கள் மூன்றாம் வருடம் போன நேரம் தொற்று வந்து கல்லூரியைப் பூட்டினார்கள். எட்டு மாதம் போனில் படித்தோம். மேடம் தன் வீட்டிலிருந்து ஒரு வீடியோவை ஓடவிடுவார். யாரோ ஒருவரின் கை ஒரு பொம்மையின் மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவுக் குழாயை இறக்கும். பாதியில் படம் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் மேடம் வீட்டுக் குக்கர் நான்கு விசில் அடித்துவிடும். வீடியோ முடிந்ததும், "எல்லாரும் மூணாவது கட்டத்துல எழுதிக்குங்க" என்பார். எழுபது பேரும் எழுதிக்கொண்டோம்.

மனநலப் பாடத்தில் நடந்தது அதைவிடக் கூத்து. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நோயாளியிடம் நேருக்கு நேர் கேட்டு அறிய வேண்டும், ஐந்து பேரிடம். "சுத்தி வளைக்காதீங்க, நேராக் கேளுங்க. கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு வந்துடாது" என்று மேடம் சொன்னது காதில் விழுந்தது. மீதி வகுப்புக்குப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன். ஐந்து நோயாளிகளை நானே பெற்றெடுத்தேன். ஒருவருக்குத் தச்சு வேலை கொடுத்தேன், ஒருத்திக்குக் குடிகாரப் புருஷனைக் கட்டிவைத்தேன். ஐந்து பேரும் என்னிடம் மனம்விட்டுப் பேசித் தேறியும் விட்டார்கள். பக்கத்தில் மேடம் 'நன்று' என்று வேறு எழுதியிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தவள் ஒருத்திதான், விடுதியில் என் அறைத்தோழி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டவுட்டு. எல்லோரும் மைக்கை மூடிவிட்டுப் படுத்திருக்கும்போது, "மேடம், ஒரு டவுட்டு" என்று அவள் குரல் மட்டும் வரும். குழாய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விட்டால் எப்படித் தெரிந்துகொள்வது? பொம்மைக்கு இருமல் வராதே, நாங்கள் எதை வைத்துப் படிப்பது? அவள் ஆரம்பித்தால் வகுப்பு பத்து நிமிடம் நீண்டுவிடும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவளைக் கிண்டல் செய்து வரும் படங்களில் பாதி நான் அனுப்பியவை. நான்தான் வகுப்புத் தலைவி.

ஒன்பதாவது மாதம், ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை என்று எங்களைத் திரும்ப வரச் சொன்னார்கள். முதல் நாளே வார்டு சிஸ்டர் எங்கள் லாக் புக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் கட்டிலில் இருந்த பெரியவருக்குக் குழாய் போடும்படி டவுட்டிடம் சொன்னார். அவள் ட்ரேயைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"ஏழு தடவை செஞ்சிருக்கேன்னு எழுதியிருக்கு?"

"அது வீடியோவுல பாத்தது சிஸ்டர்."

நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள், துப்புரவு செய்கிற அக்கா எல்லோரும் பார்க்க அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்து என்னைக் கூப்பிட்டுவிடப் போகிறாரே என்று நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைசியில் சிஸ்டரே குழாயைப் போட்டார். மறுநாள் துணை முதல்வர் டவுட்டைத் தன் அறைக்கு அழைத்தார். அப்படியென்றால் கையெழுத்துப் போட்ட மேடம் பொய்க்காரியா என்று கேட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு மன்னிப்பு. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து டவுட்டு என்ற சொல் வரவே இல்லை.

அதன்பின் அவள் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ள ஆரம்பித்தாள். அறை புளித்த நாற்றம் நாறியது. கையைக் கழுவப் போனால் அரை மணி நேரம் வரமாட்டாள். விரல் மூட்டுகளில் தோல் உரிந்து சிவந்திருக்கும். ஷூவைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அன்றைக்கு அருவருப்பு வந்தது அவள்மீது. மூக்கைப் பொத்திக்கொண்டு பொட்டலங்களைக் குப்பையில் போட்டேன். அறையை மாற்றித் தரும்படி வார்டனிடம் கேட்டேன், காலி இல்லை என்றுவிட்டார். மூன்று வருடம் மனித உடம்பையும் மனதையும் படித்தவள் செய்த காரியம் அதுதான்.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து மனநலக் கணக்கெடுப்பு என்று ஒரு தாள் வந்தது. ஒன்பது கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை மதிப்பெண். தாள்களை வாங்கிக் கூட்டல் போட்டுத் தருவது வகுப்புத் தலைவியின் வேலை. நாங்கள் வழக்கம்போல ஒருவர் தாளை ஒருவர் பார்த்து நிரப்பினோம். எல்லாவற்றுக்கும் சைபர் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று இரண்டு மூன்று இடத்தில் ஒன்று போட்டுக்கொண்டோம். டவுட்டு மட்டும் தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தாள். மடித்துக் கொண்டுவந்து தந்தாள். கூட்டிப் பார்த்தேன், இருபத்தொன்று. எண்களை மட்டும்தான் கூட்டினேன். எந்தக் கேள்விக்கு எது என்று படிக்கவில்லை. படித்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது துணை முதல்வர் அந்த ஒரு தாளை மட்டும் இரண்டு விரலால் வெளியே இழுத்தார். பத்துக்கு மேல் போனால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பெண்ணை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், வார்டு நாட்கள் குறையும், வருடம் போய்விடும் என்று அடுக்கினார். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், பாவம் என்று அனுதாபமும் பட்டார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ பாத்து பண்ணும்மா."

இதைச் செய் என்று அவர் சொல்லவில்லை. அந்த மாதிரி ஆட்கள் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்துப் பண்ணினேன். புதுத் தாள் எடுத்து அவள் பெயரை எழுதி, அவசரத்தில் ஒன்பது கேள்விக்கும் சைபர் போட்டேன். அவள் வருடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. பழைய தாளை விடுதிக் கழிவறையில் கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். துண்டுகள் போகாமல் மேலே மேலே வந்தன. மூன்று வாளி ஊற்ற வேண்டியிருந்தது.

நான்கு நாள் கழித்துத் துணை முதல்வர், ஆசிரியர்களும் இருக்கும் வகுப்பு குரூப்பில் முடிவைப் போட்டார். எங்கள் வகுப்பின் மனநலம் மிகச் சிறப்பாக இருக்கிறதாம். எழுபது பேரில் மொத்தம் சைபர் வாங்கியவள் ஒருத்திதான், அவளை எல்லோரும் பாராட்ட வேண்டுமாம். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் வேலைப் பட்டியல் ஒட்டினார்கள். மனவலிமை உள்ளவர்களைக் கடினமான இடத்துக்கு அனுப்புவதாக மேலே ஒரு குறிப்பு. தொற்று வார்டில், இறந்தவர்களைத் துடைத்துச் சுற்றி அனுப்புகிற வேலைக்கு முதல் பெயர் டவுட்டுடையது.

அந்தத் தாளை அங்கே கொண்டுபோய் இப்படிப் பயன்படுத்துவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நாங்களே எழுதிய பொய்யை நாங்களே நம்பி அதை வைத்து ஆள் போடுகிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அவள் போனாள். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் காலையில் அவள் கிளம்பும்போது தன் இரண்டு புடவைகளையும் பாட நோட்டுகளையும் என் கட்டிலில் வைத்து, "உனக்கு உதவும், வச்சுக்க" என்றாள். 

துணை முதல்வர் அறைக்கு ஓடினேன். அந்தத் தாள் பொய், நான் போட்ட சைபர், அவளை அந்த வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தும்படி சொன்னார். இதைக் கிளறினால் லாக் புக்கும் சேர்ந்து வரும், எழுபது பேருக்கும் பரீட்சை இல்லை, அதில் நீயும் உண்டு என்று நிதானமாகப் புரியவைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அதே தாளில் வெற்றுப் பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சைபர் அதிகமாப் போச்சு, ஒத்துக்கறேன். மொத்தம் ஒம்போது வர மாதிரி போடு. கொஞ்சம் சோர்வுன்னு சொல்லி நான் வேற வார்டுக்கு மாத்திடறேன். ரெண்டு பேருக்கும் வம்பு இல்ல."

நான் பேனாவையும் எடுத்துவிட்டேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. தூக்கத்துக்கு இரண்டு போட்டேன். பசிக்கு இரண்டு. அப்படியே போட்டுக்கொண்டு வந்து ஒன்பதாவதில்தான் முதல்முறையாகக் கேள்வியைப் படித்தேன். செத்துப்போனால் நல்லது என்று, அல்லது உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எண்ணம் வருகிறதா?

"அதுக்கு மட்டும் சைபர் போடு," என்றார் அவர். "அதுல ஒண்ணு வந்தாலும் கேள்வி கேப்பாங்க."

குமட்டிக்கொண்டு வந்தது. அவரைப் பார்த்து மட்டும் இல்லை. அவருடைய சுத்தமான மேசை, அதன் ஓரத்தில் இருந்த கிருமிநாசினிப் புட்டி, அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை எல்லாம் அருவருப்பாக இருந்தன. ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்கு அடியில் படுத்தும், அந்தக் கேள்விக்கு அவள் பதில் என்ன என்று எனக்குத் தெரியாது. பேனாவை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். பின்னால் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தொற்று வார்டுக்குப் பக்கத்தில் கவச உடை கழற்றும் அறை இருக்கிறது. வியர்வையும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி. டவுட்டு அப்போதுதான் ஒரு உடலைச் சுற்றி அனுப்பிவிட்டு வந்து, உடையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கவசக் கண்ணாடி அழுத்தி அழுத்தி மூக்கின் இரண்டு பக்கமும் புண். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று சுற்றிச் சுற்றி ஏதேதோ கேட்டேன். ம் என்றாள். லாக் புக்கில் ஐந்து பேரை விசாரித்துத் தேற்றியவளுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை. ஒருவழியாகக் குழாயை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கு செத்துடலாம்னு தோணுதா?"

அவள் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஆமா," என்றாள்.

பிறகு அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"பேப்பர்லயே எழுதியிருந்தேனே. படிச்சிட்டு யாராவது கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். நாலு நாளும் போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். குளிக்கப் போனாக்கூட ஜன்னல் மேல வச்சுட்டுத்தான் குளிச்சேன். அப்புறம் எல்லாரும் கைதட்டி அனுப்புனீங்க."

அந்தக் கைதட்டல்களில் ஒன்று என்னுடையது. அதை அனுப்பியதுகூட எனக்கு நினைவில்லை. எல்லோரும் அனுப்பினார்கள், நானும் அனுப்பியிருப்பேன்.

கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் அந்தப் பகுதியில்தான் நான் தூங்கிப்போனேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விடவில்லை. படி இறங்கி, ஆக்சிஜன் வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, மனநல மருத்துவர் இருக்கும் பிரிவுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். வழியில் பாக்கெட்டில் போன் அடித்தது. யார் என்று எடுத்துப் பார்க்காமலே தெரியும். அடிக்கட்டும் என்று விட்டேன். வரிசையில் நின்றவர்களிடம் வழி விடச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. எங்கள் முகம் அப்படி இருந்திருக்கும்.

டாக்டர் டவுட்டை உட்காரச் சொன்னார். அவள் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு இன்னும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டார். தோழி என்று சொல்ல வாய் வரவில்லை.

"இவ உண்மைய எழுதிக் கொடுத்தா டாக்டர். அதைக் கிழிச்சுப் போட்டவ நான்."