மூன்றாவது கட்டம்

என்னைப் பள்ளிக்கு எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது மேசைமேல் நின்ற அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்ற மேசைகளில் 'மருத்துவர்', 'வங்கி அதிகாரி', 'மின் பொறியாளர்' என்று இருந்தது. என் மேசையில், 'படிப்பைப் பாதியில் விட்டால்...' என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருந்தார்கள்.

இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். பதினெட்டு வருடமாக பிரெட் கம்பெனியில் ஓவன் பார்க்கிறேன். அதற்கு முன் இதே பள்ளியில்தான் படித்தேன். பதினொன்றாவது பாதியில் நின்றுவிட்டேன். வீட்டில் கஷ்டமெல்லாம் இல்லை. கணக்கில் இரண்டு முறை தோற்றேன், வெட்கமாக இருந்தது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கூப்பிட்டவன் என் வகுப்புத் தோழன். நெடுநெடுவென்று வளர்ந்ததால் ஸ்கேல் என்று பெயர். முழிக் கண்ணால் நான் ஆந்தை. இப்போது இங்கே கணக்கு வாத்தியார். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்த வழிகாட்டு நாளும் அவன் பொறுப்புதான். பிள்ளைகள் ஆளுக்கொரு மஞ்சள் தாளோடு மேசை மேசையாகப் போய் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். நான்கு மேசையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

"இதை யாரு எழுதினது?" என்று அட்டையைக் காட்டினேன்.

"கையெழுத்து என்னது. யோசனை பெரியம்மாவோடது." பெரியம்மா என்பது தலைமை ஆசிரியை. "கோவமாடா ஆந்தை?"

"மூணு புள்ளிக்கு அப்புறம் என்ன வரும்னு யோசிக்கிறேன்."

"அதைப் பிள்ளைங்களே புரிஞ்சுக்கணும்னு..."

"என் மூஞ்சியப் பார்த்தா?"

ஸ்கேல் தரையைப் பார்த்தான். நான் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: 'பிரெட் கம்பெனி. ஓவன். இரவு வேலை. எது வேண்டுமானாலும் கேட்கலாம்.'

முதல் அரை மணி நேரம் மருத்துவர் மேசையில்தான் கூட்டம். அவர் எல்லோரிடமும் உழைத்தால் உயரலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன் என்ற செய்தி பரவியதும் வரிசை மெல்ல என் பக்கம் வளைந்தது.

"அங்கிள், ராத்திரி தூக்கம் வராதா?"

"வரும். பகல்லதான் வராது. பகல்ல ஒரு மனுஷனைத் தூங்க விடுற தெரு இன்னும் கட்டல."

"வேலை பார்க்கும்போது பிரெட் சாப்பிடலாமா?"

"முதல் வாரம் சாப்பிடுவ. அப்புறம் அந்த வாசனையே ஆகாது."

"படிக்காதவங்கதான் பெரிய ஆளா வர்றாங்கன்னு எங்கப்பா சொல்றாரு," என்றான் ஒருவன்.

"அப்பா என்ன பண்றாரு?"

"டயர் கடை. பெரிய ஆள்தான், நூறு கிலோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். வேலை எனக்குப் பிடிக்கும். ஓவன் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் சூடு குறைகிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் சூப்பர்வைசர் ஆகப் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். இன்று எனக்கு மேலே இருக்கும் மூன்று பேருக்கும் ஓவனைப் பற்ற வைக்கக் கற்றுக் கொடுத்தது நான்தான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கூடத்தின் கடைசியில் ஒரு கதவு. 'மனநல ஆலோசகர். உள்ளே வரலாம்' என்று அதில் ஒட்டியிருந்தது. எதிரிலேயே ஆசிரியர் அறை இருந்ததால் யாரும் உள்ளே போகவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு பேர்தான் போனார்களாம். அதில் ஒருவன் நாற்காலி இரவல் கேட்கப் போனவன்.

பன்னிரண்டரை மணிக்கு வரிசை கரைந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்பு. மஞ்சள் தாளில் ஒரு கையெழுத்துகூட இல்லை.

"அண்ணா, நிக்கிறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"எதுல இருந்து?"

"ஸ்கூல்ல இருந்து. கேள்வி ஏதாவது கேப்பாங்களா?"

மற்றவர்கள் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். இவள் நடைமுறையைக் கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆபிஸ் ஜன்னல்ல ஒரு தாளை நீட்டினேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கல."

"அவ்வளவுதானா?"

அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதிக் கொண்டு வந்திருக்கியா?"

மஞ்சள் தாளுக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக, என்று ஒரே வரி. கீழே அவள் கையெழுத்து, பக்கத்தில் அம்மாவுடையது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"அம்மா கையெழுத்து நல்லா வந்திருக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு ஆபிஸை மூடிவிடுவார்கள்.

என்னிடம் அறிவுரை கிடையாது. இருந்திருந்தால் நானே பயன்படுத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஓவன். எங்கள் லைனில் தீ என்றாலோ கை மாட்டிக்கொண்டாலோ யார் வேண்டுமானாலும் சிவப்புப் பொத்தானை அடிக்கலாம். வேறு எந்தக் காரணத்துக்கு நிறுத்துவதானாலும் ஒரு தாள் எழுத வேண்டும், ஏனென்றால் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஆயிரத்து இருநூறு பிரெட்டும் கருகிவிடும். தாளில் மூன்று கட்டம். என்ன பழுது? என்ன செய்து பார்த்தாய்? யாரிடம் சொன்னாய்? ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நிறுத்த அனுமதி இல்லை.

இதை அவளிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டுத் தள்ளினேன்.

"மூணையும் நிரப்பு. நானே கூட வந்து ஜன்னல்ல கொடுக்கிறேன்."

முதல் கட்டத்தை விறுவிறுவென்று நிரப்பினாள். அம்மாவுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். மதியம் இரண்டுக்குத்தான் வருவார். தம்பிக்கு நாலு வயது. நர்சரி ஒன்பது மணிக்குத் திறக்கும், பள்ளி எட்டு மணிக்கு. வீட்டில் வேறு ஆள் இல்லை.

இரண்டாவது கட்டம்: பக்கத்து வீட்டு அக்காவிடம் தம்பியை விட்டேன். இரண்டு வாரத்தில் அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஒரு நாள் நர்சரி வாசலிலேயே விட்டு வந்தேன். அழுதான்.

மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா வேலைய விட்டுடுவாங்க. எட்டு மாசம் அலைஞ்சு கிடைச்ச வேலை."

"டீச்சருங்ககிட்ட?"

"லேட்டுன்னு வெளியில நிக்க வைப்பாங்க. ஏன்னு கேட்டதில்ல."

"வாட்ச்மேன்?"

"நோட்டுல பேரும் நேரமும் எழுதச் சொல்வாரு."

"காரணம்?"

"அதுக்கு நோட்டுல கட்டம் இல்லண்ணா."

"அப்போ மூணாவது காலி. லைன் நிக்காது."

"நிரப்பினா நிக்குமா?"

"நிரப்பினா, மேல இருக்கிறவன் அரை மணிக்குள்ள வந்து பார்க்கணும். பார்த்துட்டு அவனும் முடியாதுன்னா நிறுத்தலாம்."

"இங்க மேல யாரு?"

மருத்துவருக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போன ஸ்கேலைக் காட்டினேன்.

"கணக்கு சாரா? திட்டுவாரு."

"திட்டட்டும். அவனைப் பார்த்து எழுதித்தான் நான் ஃபெயில் ஆனேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடிகாரம் பன்னிரண்டு நாற்பது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றாவது கட்டத்தில் 'கணக்கு சார்' என்று எழுதி, அவளே எழுந்து போய் அவன் கையில் கொடுத்தாள்.

ஸ்கேல் நின்றபடியே படித்தான். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். முழங்கால் மேசையில் இடித்தது.

"எத்தனை நாளா?"

"இன்னிக்கோட பதினெட்டு நாள் சார்."

"நானே ரெண்டு தடவை உன்னை வெளியில நிக்க வச்சிருக்கேன்."

"மூணு தடவை சார்."

எழுந்து தாளோடு தலைமை ஆசிரியை அறைக்குப் போனான். பின்னாலேயே போய், மூன்று கேள்வியும் கட்டமும் மட்டும் போட்ட வெற்றுத் தாள் ஒன்றையும் அவனிடம் கொடுத்தேன். ஆபிஸில் வைக்க, பெரியம்மா கையெழுத்தோடு வேண்டும் என்றேன்.

நாங்கள் காத்திருந்தோம்.

"இதை நீங்க நிரப்பியிருந்தா என்ன எழுதியிருப்பீங்கண்ணா?"

"முதல்ல, கணக்குல ஃபெயில், வெட்கம். ரெண்டாவது காலி. மூணாவதும் காலி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இந்த முறை அவள் குரலில் நிம்மதி இல்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேல் திரும்பி வந்தான். "இந்த டேர்ம் முழுக்க ஒன்பதரைக்கு வந்தாப் போதும். விட்டுப்போற ரெண்டு பீரியடையும் ஸ்கூல் விட்டதும் நான் பார்த்துக்கறேன். நீ மட்டும் இல்ல. வாட்ச்மேன் நோட்டைப் பார்த்தேன், தினமும் லேட்டா வர்ற இன்னும் நாலு பேர் இருக்காங்க." மூச்சு வாங்கினான். "ஆனா அம்மாகிட்ட நீ சொல்லியாகணும். அந்த ரூம்ல இருக்கிற மேடம் கூட இருந்து பேசுவாங்க."

அவள் கதவைப் பார்த்தாள். "எல்லாரும் பார்ப்பாங்க சார்."

"நாற்காலி வாங்கப் போறேன்னு சொல்லு," என்றேன்.

எழுதிக் கொண்டு வந்த தாளைக் கையில் வைத்துத் தடுமாறினாள். "இதை என்ன பண்றது?"

"வச்சுக்க. வேலைக்கு ஆகலைன்னா அப்போ கொடுக்கலாம். அம்மா கையெழுத்தை மட்டும் அம்மா போடட்டும்."

மடித்துப் பைக்குள் போட்டாள். நேராக நடந்துபோய்க் கதவைத் தட்டினாள். ஆசிரியர் அறையிலிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை.

ஸ்கேல் வெற்றுத் தாளை என்னிடம் நீட்டினான். கீழே தலைமை ஆசிரியையின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. "அடுத்த வருஷமும் உன்னை வரச் சொன்னாங்க. அட்டையை நீயே எழுதிக்கலாமாம்."

ஆபிஸ் ஜன்னலில் அதே கிளார்க். தலைமுடிதான் இல்லை. மூடப் போனவரிடம் தாளை நீட்டினேன்.

"நின்னுடறேன்னு யாராவது வந்தா முதல்ல இதைக் கொடுங்க. மூணு கட்டமும் நிரம்பினப்புறம்தான் வாங்கணும்."

"யாரு சொன்னது?"

"கீழ பாருங்க."

முத்திரையைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க யாரு சார்?"

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னால இதே ஜன்னல்ல ஒரு தாள் கொடுத்தேன்."

"ஞாபகம் இல்லையே."

"இருக்காது," என்றேன். "ரெண்டு நிமிஷ வேலைதானே."