பக்கம் சுத்தமாக இருக்கிறது

"தலைப்பக்கம் சாய்ங்கப்பா, கதவு இடிக்குது!" என்று மாமா கத்தினார்.

பெட்டி வாசல் நிலையில் மாட்டிக்கொண்டு நின்றது. இதே நடைக்குள் பதினாறு சக்கர லாரியை ஒரே ஒடிப்பில் திருப்பிக் காட்டுவேன் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொல்லிவந்த மனிதர், இப்போது ஆறடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்தார். 'ஸ்டியரிங்கை என்கிட்ட குடுங்கடா' என்று உள்ளேயிருந்து குரல் வரும் என்று கால்பக்கம் பிடித்திருந்த மகன் எதிர்பார்த்தான். வரவில்லை. அப்பா செத்துப்போனதை அவன் அப்போதுதான் நம்பினான்.

ஒருவழியாகப் பெட்டி வெளியே வந்தது. "கொடுத்து வச்ச மனுஷன். ஒருத்தரையும் தொந்தரவு பண்ணாம போயிட்டார்," என்றார் மாமா.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு தடவகூடவா பெல் அடிக்கலை? சாப்பாட்டுல உப்பு கம்மின்னாலே ஊரைக் கூட்டுவாரே!"

"கேக்கலைக்கா," என்றான். கேட்கவில்லை என்பது உண்மைதான். உண்மையை ஒட்டி இவ்வளவு நெருக்கமாக ஒரு பொய்யை அப்பாகூட நிறுத்தியதில்லை.

அவனுக்குக் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சர்வர் ஒரு வாயாடி. தும்மினாலும் இருமினாலும் ஒரு வரி எழுதி வைத்துவிடும். அந்த வரிகளுக்கு லாக் என்று பெயர். கறுப்புத் திரையில் அதையெல்லாம் படிக்கிற தலையெழுத்து அவன் ஒருவனுக்குத்தான். எல்லோரும் பிரவுசரிலேயே பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று மேலாளர் அம்மாள் கேட்க, வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தான். சோதிப்பதற்கு வரிகள் வந்து விழுந்தபடி இருக்க வேண்டும். இடுப்பு ஒடிந்து கீழே கட்டிலில் கிடந்த அப்பாவிடம் ஓர் அழைப்புப் பொத்தான் இருந்தது. அதை இதில் இணைத்தான். அமுக்கினால் மாடியில் மணி அடிக்கும். பக்கத்தில் 'அப்பா கட்டில்' என்று ஒரு வரி விழும்.

அப்பாவுக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்துவிட்டது.

"வந்துச்சாடா?"

"வந்துச்சுப்பா."

"என்ன கலரு?"

"பச்சை."

"இரு, ஓங்கி அமுக்குறேன். செவப்பு வருதான்னு பாரு."

பார்க்க வந்த டாக்டரிடம், நாட்டிலுள்ள சர்வரெல்லாம் தன் கட்டைவிரலில்தான் ஓடுகின்றன என்றார். டாக்டர் நாடியை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார்.

நேற்றுக் காலை அந்தப் பக்கத்தை வீடியோ காலில் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். பெரிய மனிதர்கள் பார்க்கும்போது 'அப்பா கட்டில், அப்பா கட்டில்' என்று வரிசையாக விழுந்தால் மானம் போய்விடும். மணியின் சத்தத்தை நிறுத்தினான். கட்டில் வரிகளை மறைக்கச் சொல்லி, திரையிலிருந்த சின்னக் கட்டத்தில் டிக் போட்டான். கீழே போய், "இப்ப அமுக்காதீங்கப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்பார். பதில் சொன்னால் ஒரு லாரிக் கதை வரும். அவர் கதையில் லாரி மலையேறி இறங்காமல் நிற்காது. அவன் படியிறங்கவில்லை.

"பக்கம் ரொம்ப சுத்தமா இருக்கே!" என்றார் மேலாளர் அம்மாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதை அப்பாவிடம் சொல்லத்தான் இறங்கினான். அப்பாவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. உடம்பை உலுக்கிப் பார்த்தான். டாக்டரைக் கூப்பிட்டான். பிறகு மாடிக்கு ஓடி, நிறுத்தி வைத்த மணிச் சத்தத்தைத் திரும்பப் போட்டான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. டிக்கை மட்டும் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து, மாமாவும் அக்காவும் கிளம்பிப்போன பிறகு மாடிக்குப் போனான். திரையில் பக்கம் சுத்தமாக இருந்தது. டிக்கை எடுத்தால் நேற்றைய கட்டில் வரிகள் தெரியும். ஒன்றுமே இல்லாமலிருக்கலாம். ஒரே ஒரு வரி இருக்கலாம். அது வெறும் 'வந்துச்சாடா?' என்று கேட்க அமுக்கியதாகவும் இருக்கலாம். அல்லது, பக்கம் முழுக்க இருக்கலாம். இடத்தை அடைக்கக் கூடாதென்று, முந்தின நாள் வரிகள் பொழுது சாய்ந்ததும் தானாக அழியும்படி அவனே ஏற்பாடு செய்திருந்தான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. மவுஸின் மேல் கையை வைத்தான்.

மணி அடித்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. படிகளில் பாதியை மிதிக்காமலே கீழே வந்து நின்றான்.

அம்மா கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி பொத்தானின் மேல் கிடந்தது.

"கை பட்டுடுச்சுடா. இதுக்கா இப்படி விழுந்தடிச்சு ஓடி வர்ற?"

அவனுக்கு மூச்சு வாங்கியது.

"'நான் அமுக்கி விரலை எடுக்கறதுக்குள்ள பய வந்து நிப்பான்'னு உங்கப்பா சொல்லுவாரு. அவரு சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்."

அம்மா துணியை விலக்கிவிட்டு, கட்டைவிரலால் ஒரு தடவை மெதுவாக அமுக்கினாள். மேலே மணி அடித்தது.

"வந்துச்சாடா?"

"வந்துச்சும்மா."

"உக்காரு."

துடைத்த கட்டிலில் உட்கார்ந்தான். ஈரம் சட்டையில் ஏறியது. எதிர்ச் சுவரிலிருந்த வெயில் மேலே மேலே போய், கூரையருகே ஒரு கீற்றாக நின்று, அதுவும் போனது.

"இருட்டிப்போச்சு பாரு. எந்திரிச்சு லைட்டைப் போடு," என்றாள் அம்மா.

அவன் எழுந்திருக்கவில்லை.